வாளி தூக்க மட்டுமா தொண்டர்?

வீடு பற்றியெரியும் வேளையிற் கிணறு வெட்டப் புறப்படுபவனை உலகம் மூடன் என்கின்றது. கடல் நஞ்சாகிய பின்னர் தொண்டரைத் தேடப் புறப்படும் அரசை என்னென்பது?

2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த 1,486 கொள்கலன்களுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுமணிகளும் இருந்தன. மேற்குக் கரை அம்மணிகளால் மூடுண்டது. படையினர் வாரினர், பின்னர் தொண்டர் குழுக்கள் சல்லடைகளோடு வந்து மணலைச் சலித்தன. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2025 மே மாதத்திற் கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. சில வாரங்களில் அத்தகைய மணிகள் எமது மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. அன்று எத்தனை கடற்றொழிலாளர் சங்கங்களிடம் பயிற்சி பெற்ற தொண்டரும் கையுறையும் சல்லடையும் ஆயத்தமாக இருந்தன? இதையே நாம் கேட்கின்றோம்.

"இது நிபுணர் வேலை, பொதுமக்கள் விலகி நிற்க வேண்டும்" என்பர் சிலர். அதிற் பாதி உண்மை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிய பின்னர், மீனவரும் மாணவரும் வாளிகளால் எண்ணெய் அள்ளிய காட்சியை நாம் மறக்கவில்லை. தக்க காப்புடையின்றி மனிதரை நஞ்சில் இறக்குவது தொண்டன்று, கொடுமை.

ஆனால், விலக்கி வைப்பதும் விடையன்று. 2007 டிசெம்பரில் தென்கொரியக் கரையில் 'ஹெபெய் ஸ்பிரிற்' கக்கிய 10,000 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயை அகற்றப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான தொண்டர் திரண்டனர். 2020 இல் மொறீசியஸ் மக்கள், விலகி நிற்குமாறு அரசு சொல்லியும் கேளாது, கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் அடைத்து மிதவேலி கட்டினர். மக்கள் வந்தே தீருவர். ஆயத்தத்தோடு வருவதா, வெறுங்கையோடு வருவதா என்பதே கேள்வி.

எமது கோரிக்கை தெளிவானது. 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, கரையூர்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தொண்டரைப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் தமிழிற் பயிற்சி அளித்து, காப்புடையும் காப்புறுதியும் வழங்க வேண்டும். தொண்டரின் உடல்நலத்தை மருத்துவரும், அள்ளிய கழிவை இரசாயனவியலாளரும் மேற்பார்வை செய்ய வேண்டும். தனியார் கம்பனிகளின் படகுகளுக்கும் தாங்கிகளுக்கும் முற்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் எழுத வேண்டும்; ஆபத்து வேளையிற் பேரம் பேச இடமளிக்கலாகாது.

தொண்டரின் ஒவ்வொரு மணிநேர உழைப்பும் ஏட்டில் ஏற வேண்டும். 2025 யூலையில், பேர்ள் கப்பற் தரப்பினர் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கில் ஏறாத உழைப்புக்கு நட்டஈடு கேட்பது எங்ஙனம்? ஏழையின் வியர்வை கப்பல் முதலாளிக்கு இலவசக் கொடையாகக் கூடாது.

கமக்காரரே, இது கடலோரத்தார் கவலை என்று இருந்துவிடாதீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும், 2019 இல் உயர் நீதிமன்றம் அதற்கு நட்டஈடு விதித்ததையும் நாம் கண்டோம். தீர்ப்பு வருமுன் குடிநீருக்கு அலைந்தவர் எவர்? நஞ்சு கடலென்றும் வயலென்றும் பார்ப்பதில்லை. அடுத்த கப்பலும் நாள் குறித்து வரப்போவதில்லை. தொண்டர் பட்டியலை இன்றே எழுதத் தொடங்குக!