நனைந்த தானியமும் வைரக் கடிகாரமும்



திருக்கடையூர், ஆக்கூர் வட்டாரத்தில் நெல் விற்ற எவருக்கும் ஈரப்பதம் என்றால் என்னவென்று தெரியும். 17 விழுக்காட்டைத் தாண்டினால், தளர்வு அறிவிக்கப்பட்டாலொழியக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள் (முஸ்லிம்).

இன்று அந்தக் குவியல் நம் மணமேடைக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மின்னும் கடிகாரத்தைச் சொல்கிறோம். சாதாரண எஃகுக் கடிகாரத்தின் வளையத்தையும் முகப்பையும் வெளியார் பட்டறையில் துளையிட்டு, கற்களைப் பதித்து, "கம்பெனி வைரம்" என்று விற்கிறார்கள். துளையிட்டதால் நீர் புகலாம். தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் போய்விடும்; பழுது பார்க்கவும் மறுப்பார்கள். திருப்பி விற்கப் போனால்தான் கல்லின் தரமும் கடிகாரத்தின் மதிப்பும் வெளிப்படும். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்!

உலக நீதிமன்றங்களும் இதை உணர்ந்துள்ளன. 2024 ஜனவரியில் ரோலெக்ஸ் வழக்கில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குக் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியதை நிறுவனத்தின் அனுமதியின்றி அதன் பெயரோடு சந்தையில் விற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் அத்தகைய விற்பனையைப் போலிச் சரக்கு விற்பனையாகவே கண்ட தீர்ப்பை உறுதி செய்தது.

"தெரிந்துதானே வாங்குகிறோம், இதில் யார் ஏமாந்தார்?" என்பர் சிலர். விற்றவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் விற்பனையில் மோசடி இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அணிபவர் யாருக்காக அணிகிறார்? தமக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டுபவரைப் பொய்யாடை உடுத்தவருக்கு நபியவர்கள் ஒப்பிட்டார்களே!

"இது ரோஸ் கோல்டு, தங்கமல்ல" என்பது இன்னொரு சமாதானம். 18 காரட் என்றால் நான்கில் மூன்று பங்கு தங்கம். செம்பு கலந்து நிறம் மாறினாலும் ஆண்களுக்கான தடை மாறாது.

இவை எல்லாவற்றிலும் நம்மை வாட்டுவது வேறொன்று. மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. ஆனால் கடிகாரத்துக்குக் கடன் வாங்குபவரோ பெண்ணின் தகப்பனார்! குறுவை நெல்லை விற்ற காசும் வளைகுடாவில் வெயிலில் உழைத்த காசும் ஒரு பொய்ப் பளபளப்பில் கரைகின்றன. மணமகன் வீட்டாரே, கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். வியாபாரிகளே, கல் யார் பதித்தது, என்ன கல் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள். எழுதத் தயங்கினால், உள்ளே ஈரம் இருப்பதை உங்கள் உள்ளமே அறியும்.

தொழுகை நேரத்தைக் காட்ட எளிய கடிகாரம் போதும். மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது அந்த நேரத்தை எப்படிச் செலவிட்டோம் என்பதே. அல்லாஹ் நம் வியாபாரத்திலும் இல்லங்களிலும் பரக்கத் செய்வானாக!