மங்கு என்பது அழுக்கல்ல



உங்கள் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவரின் கன்னங்களிலும் நெற்றியிலும் மூக்கின் மேலும் பழுப்பு நிறத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இதை நாம் ‘மங்கு’ என்கிறோம். மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள். மங்கு வலிப்பதில்லை; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆனாலும் “என்ன, முகம் இப்படி ஆகிவிட்டது?” என்று கேட்காதவர்கள் குறைவு. இந்தக் கேள்விதான் பலரை மருந்துக் கடைக்கு விரட்டுகிறது. உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மங்கு எப்படித் தோன்றுகிறது? நம் மேல்தோலின் அடிப்பகுதியில் மெலனோசைட்டுகள் என்னும் செல்கள் உள்ளன. இவை டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் மெலனின் என்னும் நிறமியைத் தயாரித்துச் சுற்றியுள்ள செல்களுக்கு வழங்குகின்றன. அந்த நிறமி ஒவ்வொரு செல்லின் உட்கருவின் மேலும் குடை போலக் கவிந்து, சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து அதைக் காக்கிறது. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றேதான். அவை தயாரிக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன.

சிலருக்கு முகத்தின் சில பகுதிகளில் இந்தச் செல்கள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. வெயில், பரம்பரை, கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றம், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பெண்களுக்கே அதிகம் என்றாலும் ஆண்களுக்கும் மங்கு வருவதுண்டு. ஆக, மங்கு அழுக்கல்ல. தேய்த்துக் கழுவினால் போகாது. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிப் புதிய கருமையே உண்டாகக்கூடும்.

இப்போது சற்று யோசியுங்கள். மேல்தோல் அடியிலிருந்து புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. நிறமி இன்னும் ஆழமாக இறங்கியிருந்தால் அது மறைய மேலும் நாளாகும். அப்படியிருக்க, “ஏழே நாளில் பளிச்!” என்று ஒரு களிம்பு சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, “உள்ளே என்ன இருக்கிறது?” என்பதுதான்.

பல களிம்புகளில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபீட்டசால் போன்ற பெயர்கள் குழாயின் மேலேயே அச்சாகியிருக்கும். முதலில் முகம் வெளுத்தது போல் தோன்றும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும், பருக்கள் கிளம்பும். நிறுத்தினாலோ முகம் எரியும். மங்கும் திரும்பி வரும். தோல் மருத்துவர்களும் சில சமயம் ஸ்டீராய்டு கலந்த மருந்தைத் தருவது உண்டு. ஆனால் அது சில வாரங்களுக்கு மட்டும், அவர்களுடைய கண்காணிப்பில். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் பல ஸ்டீராய்டு களிம்புகளை இந்திய அரசு 2018-ஆம் ஆண்டில் சேர்த்ததும் இந்தக் காரணத்தால்தான்.

இன்னும் கொடியது பாதரசம். டைரோசினேஸ் நொதியைத் தடுத்து அது நிறத்தைக் குறைக்கிறது. கூடவே தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர்களில் பலர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் மங்குக்குச் சிகிச்சையே இல்லையா? இருக்கிறது. முதல் சிகிச்சை நிழல். குடையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் பெரிய உதவி. வெயில் தடுப்புக் களிம்பும் உதவும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கை அதிகப்படுத்துவதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள களிம்பு மேலும் நல்லது. இவற்றோடு தோல் மருத்துவர் தரும் மருந்தும் சேர்ந்தால் சில மாதங்களில் திட்டுகள் மங்கும். வெயில் பட்டால் மீண்டும் வரலாம் என்பதால் பொறுமை தேவை. முகத்துக் கருமை எல்லாமே மங்கு அல்ல. எனவே மருத்துவர் பார்த்துச் சொல்வதே சரி.

வயலிலும் சாலையோரக் கடையிலும் நாள் முழுதும் நிற்பவரிடம் “வெயிலில் போகாதே” என்று சொல்வது எளிது. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் நிழல் அமைத்துத் தருவதே நியாயமான வைத்தியம் என்பது என் கருத்து.

நண்பர்களே, நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. இன்றே வீட்டிலுள்ள முகக் களிம்புக் குழாயை எடுத்து, அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஸ்டீராய்டின் பெயர் இருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பல மாதங்களாகப் பூசி வந்தவர் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரைக் கேட்கட்டும். அடுத்தது, மங்கு உள்ள யாரிடமும் “முகம் ஏன் இப்படி?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி குறைந்தால், இந்தக் களிம்புகளின் விற்பனையும் குறையும்.