‘லாம்’ தந்த பாடம்

ஊரிலே ஒருவர் ஆயிரம் ரூபாய் கடன் கேட்கிறார். கொடுக்கிறோம். பத்திரம் எழுதி நீட்டுகிறார். வாங்கிப் பார்க்கிறோம். “மேற்படி தொகையை வட்டியுடன் திருப்பித் தரலாம்” என்றிருக்கிறது. “தருவேன் என்றல்லவா எழுத வேண்டும்?” என்று கேட்கிறோம். “தரலாம் என்றால் என்ன, தருவேன் என்றால் என்ன? இரண்டும் ஒன்றுதானே! என்மீது நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிக்கிறார் அவர். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி, எழுத்து வாசனையே அறியாதவள், சொல்கிறாள்: “இரண்டும் ஒன்றுதான் என்றால், தருவேன் என்றே எழுதிவிடேனப்பா!”

பாட்டி கேட்ட அதே கேள்வி, 1963ஆம் ஆண்டு டில்லி மாநகரத்திலே, மாநிலங்களவையிலே எழுந்தது. எழுப்பியவர் அறிஞர் அண்ணா.

அரசியலமைப்புச் சட்டத்தின் 343ஆவது பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சி மொழி தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி என்று விதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்றது. 1965 ஜனவரி 26இல் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு விடையாக, உள்துறை அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி ஆட்சி மொழி மசோதாவைக் கொண்டுவந்தார். கெடு கழிந்த பின்னரும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அதன் மூன்றாவது பிரிவு.

‘லாம்’! ஆங்கில மூலத்திலே ‘மே’. இதே ஆங்கிலத்திற்குப் பதினைந்து ஆண்டுக் காலத்துக்கு வாழ்வளித்தபோது அரசியலமைப்புச் சட்டம் பயன்படுத்திய சொல் ‘ஷல்’. இந்தியை ஆட்சி மொழியென்று சொன்னபோதும் ‘ஷல்’. இந்தியைப் பரப்புவது ஒன்றியத்தின் கடமை என்று 351ஆவது பிரிவு கூறும்போதும் ‘ஷல்’. இந்திக்குக் கட்டாயம், ஆங்கிலத்திற்கு மட்டும் கருணையா? உறுதி ஒரு பக்கம், உத்தேசம் மறுபக்கமா? சட்டம் எழுதுவோர் சொற்களைச் சும்மா தூவுவதில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களைப் போட்டால், பொருள் இரண்டு என்றுதான் படிப்பவன் நினைப்பான்.

பிரதமர் நேரு என்ன சொன்னார்? இந்த இடத்திலே ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றுதான் பொருள் என்று விளக்கம் தந்தார். அவர் நாணயத்தை நாம் ஐயுறவில்லை. 1959 ஆகஸ்டு 7இல், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும், அதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையதே என்று மக்களவையில் வாக்களித்தவர் அவர். ‘மே’ என்பதை ‘ஷல்’ என்று நீதிமன்றங்கள் சிற்சில வழக்குகளில் பொருள் கொண்டதும் உண்டு. எதிர்த்தரப்பின் வாதத்தில் உள்ள வலுவை மறைத்து வாதாடுவது நமக்கு அழகல்ல; ஆகவே அதையும் சொல்கிறோம்.

ஆனால், இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும் சொல் என்றால், அந்த இடத்தை எடைபோடப் போகிறவர் யார்? வருங்கால அமைச்சரா, அதிகாரியா, நீதிபதியா? வாக்களித்தவர் வாழ்நாள் முழுவதும் பிரதமராக இருப்பார் என்றாலும், வாழ்நாளுக்கு எல்லை உண்டே! ஒரு பொருள்தான் உண்டு என்று அடித்துச் சொல்கிறவருக்கு, அந்தப் பொருளையே தரும் சொல்லைப் போடுவதில் என்ன தடை? இதுதான் அண்ணாவின் வாதத்தின் சாரம். வசையில்லை, வம்பில்லை, வானை இடிக்கும் முழக்கமில்லை. ஒரு சொல், ஒரு கேள்வி.

கேள்வி நின்றது, சொல் மாறவில்லை. 1963 மே மாதத்தில் மசோதா சட்டமாயிற்று. ஓராண்டு கழிந்த சில நாள்களில், 1964 மே 27இல், நேரு மறைந்தார். வாக்குறுதி இருந்தது, வாக்குறுதி தந்தவர் இல்லை. ஏட்டிலே எஞ்சியது ‘லாம்’. 1965 ஜனவரியில் தமிழகத்து மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் வீழ்ந்தன. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தார்கள். பிப்ரவரி 11இல், பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அத்தனை துயரத்துக்கும் ஒற்றைச் சொல்தான் காரணம் என்று நாம் கூறமாட்டோம், அது மிகை. உறுதியான சொல் உரிய நேரத்தில் இருந்திருந்தால், அச்சத்திற்கு இடம் குறைந்திருக்கும். இவ்வளவுதான் நாம் சொல்வது.

பின்னர் வந்தது 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். இந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும். அதுவரை ஏற்பாடு நீடிக்கும் என்று அது வேலி கட்டியது. ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் போதும். வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது பிரிவின் தலைவாசலிலே அந்தப் பழைய ‘மே’ இன்றும் உட்கார்ந்திருக்கிறது! ஆனால் அதைச் சுற்றிலும் ‘ஷல்’ என்னும் காவலர்கள் நிற்கிறார்கள். 1976ஆம் ஆண்டின் ஆட்சி மொழி விதிகளோ, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் என்றே தொடங்குகின்றன. எழுத்திலே பெற்ற உறுதியின் வலிமை இது.

இந்தக் கதையை இன்று எதற்காக எடுத்தோம்? அரசியல் பேசுவோர் தொகை பெருகியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் சொல்லை நிறுத்துப் பேசுவோர் தொகை பெருகியிருக்கிறதா? “இந்தி தேசிய மொழி” என்கிறார் ஒருவர். எந்தப் பிரிவில் என்று கேட்டால் விடையில்லை. அரசியலமைப்புச் சட்டம் பேசுவது ஒன்றியத்தின் ஆட்சி மொழியைப் பற்றி. தேசிய மொழி என்று எதையும் அது அறிவிக்கவில்லை. 2010இல் குசராத் உயர்நீதிமன்றமும், அப்படி அறிவிக்கப்பட்டதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்றது. “இந்தித் திணிப்பை எதிர்க்கிறீர்களே, மொழியின் மீது ஏன் பகை?” என்கிறார் இன்னொருவர். சோறு வேண்டாம் என்பது வேறு. வாயிலே திணிக்காதே என்பது வேறு. சென்னை மாநகரிலே 1918இல் தோன்றிய இந்திப் பிரச்சார சபையிலே விரும்பியவர் படித்தார்கள், படிக்கிறார்கள். விருப்பத்தை யார் தடுத்தார்? கட்டாயத்தைத்தானே எதிர்த்தோம்!

மாற்றாரின் பிழையை மட்டும் பட்டியலிட்டால் அது தலையங்கம் ஆகாது, தற்பெருமை ஆகும். நம் மேடைகளிலும் பிழை உண்டு. “அரசியல் நிர்ணய சபையில் ஒரே ஒரு வாக்கில் வென்றது இந்தி” என்று நம் தோழர்கள் முழங்கக் கேட்டிருக்கிறோம். கைதட்டலும் கேட்டிருக்கிறோம். ஆனால் அண்ணல் அம்பேத்கர் 1955இல் எழுதியது என்ன? காங்கிரசுக் கட்சிக் கூட்டத்திலே முதலில் 78க்கு 78 என்று சமநிலை, பிறகு 78க்கு 77 என்பது. கட்சிக் கூட்டம் வேறு, நிர்ணய சபை வேறு. உண்மையே நம் பக்கம் வலுவாயிருக்கும்போது, ஊதிப் பெரிதாக்குவானேன்? ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது உண்மைகளையும் ஒதுக்கித் தள்ள எதிரிக்கு நாமே வாய்ப்புத் தருவானேன்?

இந்தப் பழக்கம் இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, எந்த மாநிலத்தின் மீதும் எந்த மொழியும் திணிக்கப்படாது என்கிறது. நல்ல வாசகம். மூன்று மொழிகள் எவை என்பது மாநிலங்கள், வட்டாரங்கள், மாணவர்களின் தேர்வு என்கிறது. அதுவும் நல்ல வாசகமே. இந்தி என்ற பெயர் அங்கே கட்டாயமாக்கப்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த சொற்களையும் படியுங்கள்: மூன்றில் இரண்டேனும் இந்திய மொழிகளாக இருக்கும்வரை. ஆக, எந்த மூன்று என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டு போதும் என்று தேர்ந்தெடுக்க அங்கே இடமில்லை. 1968 ஜனவரி 23இல் தமிழகச் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கை, அந்தப் பட்டியலிலேயே இல்லை. தேர்வு என்ற சொல்லின் மடியில் நிபந்தனை தூங்குகிறது. விவாதிக்க வேண்டிய இடம் அதுதான். அதை விட்டுவிட்டு, “இந்தி கட்டாயம்” என்று நாம் கூவினால், “எங்கே எழுதியிருக்கிறது?” என்ற ஒரே கேள்வியில் நம் வாய் அடைபடும்.

எனவே தோழர்களை வேண்டுகிறோம். மேடையேறும் முன் மூலத்தைப் படியுங்கள். எதிரி சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துச் சொல்லி, அதன் பிறகு மறுத்துரையுங்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே கூறுங்கள். உரத்த குரல் ஒரு மாலைக்குக் கைதட்டல் வாங்கித் தரும். உரிய சொல்தான் தலைமுறைக்குச் சட்டம் வாங்கித் தரும். அடுத்த முறை யாரேனும் ஒரு சொல்லைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானே என்று இனிமையாகச் சிரித்தால், கோபம் கொள்ளாதீர்கள். திண்ணைப் பாட்டியைப் போலக் கேளுங்கள்: “ஒன்றுதான் என்றால், அதையே எழுதிவிடுங்களேன்!”