ஒப்பந்தத்தில் பெயரில்லாத பிள்ளைகள்: அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளின் புதுப்பித்தலும் நீக்கமும்

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி எனப்படுவது அரசுப் பணத்தில் நடக்கிறது; மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அதை நடத்துவது அரசு அன்று, ஒரு தனிக் குழு. அக்குழுவுக்கும் அரசின் சார்பில் அனுமதி வழங்கும் அமைப்புக்கும் இடையே கையெழுத்தாகும் ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். ஒப்பந்தம் என்றால் காலக்கெடு உண்டு. கெடு முடியும்போது பள்ளி தன் தகுதியைக் காட்ட வேண்டும். தவறினால் மூட வேண்டும். மின்னசோட்டா மாநிலம் 1991இல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றிய நாளிலிருந்து இதன் ஆதரவாளர்கள் முன்வைக்கும் பேரம் இதுவே: பொதுப்பள்ளிகளைக் கட்டும் விதிகள் பலவற்றிலிருந்து விடுதலை தருகிறோம், பதிலுக்கு விளைவைக் காட்டுங்கள்.

கேட்பதற்குப் பேரம் நியாயமாகவே ஒலிக்கிறது. அதில் யார் யார் கட்சிக்காரர்கள் என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. அனுமதி வழங்கும் அமைப்பு ஒரு தரப்பு. பள்ளியை நடத்தும் குழு மறுதரப்பு. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் அதன் பெற்றோரும் எந்தத் தரப்பிலும் இல்லை. ஒப்பந்தம் முறியும்போது வேறு பள்ளி தேடி அலைபவர்கள் மட்டும் அவர்கள். சார்ட்டர் பள்ளிகளில் படிக்கும் ஏறத்தாழ 37 இலட்சம் மாணவர்களில் சுமார் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். நாட்டின் மொத்தப் பள்ளி மாணவர்களில் அவர்களுக்குள்ள பங்கைவிட இது மிகக் கூடுதல். எனவே எந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது, எது நீக்கப்படுகிறது என்பதை வெறும் நிர்வாக நடைமுறையாக நாம் வாசிக்க முடியாது.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்களில் ஒப்பந்தக் காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அரிசோனாவில் முதல் ஒப்பந்தமே 15 ஆண்டுகள். அனுமதி வழங்கும் அமைப்பு கல்வி மாவட்டமாகவோ மாநில வாரியமாகவோ பல்கலைக்கழகமாகவோ இருக்கலாம். சில மாநிலங்களில் தொண்டு நிறுவனம்கூட அந்த இடத்தில் அமர்கிறது. கெடு நெருங்கும் ஆண்டில் பள்ளி விண்ணப்பிக்கிறது. அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கிறார்கள். தேர்வு முடிவு, வரவு செலவு, நிர்வாக ஒழுங்கு ஆகியன எடைபோடப்பட்டு, பொது அமர்வில் வாரியம் வாக்களிக்கிறது. இது புதுப்பித்தல். நீக்கம் என்பது வேறு; மோசடி, பண முறைகேடு, மாணவர் பாதுகாப்புக்கு ஆபத்து போன்ற காரணங்களுக்காகக் கெடு முடியும் முன்பே ஒப்பந்தத்தை முறிப்பது. சில மாநிலங்களில் விவாதத்துக்கே இடமில்லை. டெக்சாஸ் 2013இல் இயற்றிய சட்டப்படி, கல்வித் தரத்திலோ நிதித் தரத்திலோ தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தோற்ற பள்ளியின் ஒப்பந்தம் நீக்கப்பட்டே ஆகவேண்டும். ஃபுளோரிடாவில் அடுத்தடுத்து இரண்டு 'எஃப்' தரம் போதும்.

பணமின்றித் தாமாகவே மூடிக்கொள்ளும் பள்ளிகளும் பல உண்டு. ஆனால் வாரியத்தின் முன் வாதம் எழும்போது தராசின் முள் பெரும்பாலும் சாய்வது தேர்வு மதிப்பெண்ணின் பக்கம். தேர்ச்சி விழுக்காடு என்பது ஒரு பள்ளி என்ன கற்பித்தது என்பதைவிட, அங்கே யாருடைய பிள்ளைகள் வருகிறார்கள் என்பதையே அதிகம் சொல்லும். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு மே மாதமும் நாம் காண்பதுதான் இது.

அந்த மதிப்பெண்ணுக்குரிய கோட்டை யார் கிழிக்கிறார்கள் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸ் நகரைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 2005 ஆகஸ்டு இறுதியில் கத்ரீனா புயல் தாக்கியபோது அந்நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். தோற்ற பள்ளிகளை மாநிலமே எடுத்துக்கொள்வதற்கான மீட்புக் கல்வி மாவட்டம் என்ற அமைப்பு 2003இலிருந்தே லூசியானாவில் இருந்தது. மாநில மதிப்பீட்டில் 60 புள்ளிகளுக்குக் கீழே இருப்பதுதான் தோல்வி. புயல் அடித்து மூன்று மாதம் ஆவதற்குள், மக்கள் பல மாநிலங்களில் அகதிகளாய்ச் சிதறிக் கிடக்கையில், சட்டமன்றம் அந்தக் கோட்டை 87.4 புள்ளிகளுக்கு உயர்த்தியது. அதாவது மாநில சராசரிக்குக் கீழே இருப்பதே தோல்வி என்றாயிற்று. அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் அன்று. நெருக்கடியில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்ட மாவட்டங்களுக்கு மட்டும். ஒரே சட்டத்தில் நகரின் 100க்கும் மேற்பட்ட பள்ளிகள் கைமாறின. முந்தைய நாள் வரை தேர்ச்சி பெற்றிருந்த பள்ளிகளும் அவற்றில் அடக்கம்.

தொடர்ந்து, சுமார் 7,500 பள்ளி ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். புயலுக்கு முன் நகரின் ஆசிரியர்களில் 71 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். பத்தாண்டுகளுக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது. பல தலைமுறைகளாகக் கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்குத் தூணாயிருந்த வேலை அது. வழக்குத் தொடுத்தார்கள். 2014இல் லூசியானா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கைமாறிய பள்ளிகள் படிப்படியாகச் சார்ட்டர் பள்ளிகளாயின. 2018இல் அவை நகரக் கல்வி வாரியத்தின் மேற்பார்வைக்குத் திரும்பின என்றாலும், 2019 வாக்கில் வாரியம் நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்நகரத்தில் ஒப்பந்தப் புதுப்பித்தல் என்பது கல்வி நிர்வாகத்தின் ஒரு பகுதி அன்று. அதுவேதான் கல்வி நிர்வாகம்.

அனுமதி வழங்கும் அமைப்புகளாவது நடுநிலையாளர்களா? ஒஹாயோவில் அவ்வமைப்புகள் தம் பொறுப்பிலுள்ள பள்ளிக்கு வரும் அரசு நிதியில் 3 விழுக்காடு வரை கட்டணமாகப் பெறலாம். பள்ளி நீடிக்கும்வரை வருமானம். மூடினால் வருமானம் இல்லை. நாளைய மின்னணு வகுப்பறை என்ற பொருள்படும் பெயரில் அங்கே 2000இல் தொடங்கிய இணையவழிப் பள்ளி, மாநிலத்தின் மிகப் பெரிய சார்ட்டர் பள்ளியாக வளர்ந்தது. அதன் நிறுவனருக்குச் சொந்தமான கம்பெனிகளே பள்ளிக்கு நிர்வாகமும் பாடப்பொருளும் விற்றன. அரசியல்வாதிகளுக்கு நன்கொடை தாராளமாகப் போயிற்று. 2016இல் மாநிலக் கல்வித்துறை வருகைக் கணக்கை உரசிப் பார்த்தபோது, 15,000க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்குப் பணம் வாங்கிய பள்ளியால் சுமார் 6,300 பேருக்கு மட்டுமே சான்று காட்ட முடிந்தது. ஏறத்தாழ 6 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னது அரசு. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நட்டநடுவில், பள்ளி மூடப்பட்டது. சுமார் 12,000 மாணவர்கள் அரையாண்டில் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. மூடியது தவறு என்று நாம் சொல்லவில்லை. பதினேழு ஆண்டுகள் மூடாமலிருந்ததைத்தான் கேட்கிறோம். செல்வாக்குள்ள நிறுவனத்துக்கு அத்தனை பொறுமை கிடைக்கிறது.

எல்லாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரிடோ ஆய்வு மையம் 26 மாநிலங்களில் மூடப்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. சார்ட்டர் பள்ளிகளின் எதிரிகள் நடத்தும் மையம் அன்று அது என்பதை நினைவிற்கொள்வோம். ஒரே அளவில் பின்தங்கிய பள்ளிகளுக்கிடையே, கறுப்பின, லத்தீனிய, ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளே மூடப்படும் வாய்ப்பு கூடுதல் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. மூடப்பட்ட பள்ளிகளிலிருந்து வெளியேறிய மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முன்பிருந்ததைவிட மேலான பள்ளியில் சேர்ந்தனர் என்பது இன்னொன்று.

இதே ஐயத்தைத்தான் பிலடெல்ஃபியாவில் கறுப்பினத்தவர் தலைமையிலான சார்ட்டர் பள்ளிகள் எழுப்பின. தங்கள் பள்ளிகளே அளவுக்கு மீறிக் குறிவைக்கப்படுகின்றன என்றன. கல்வி வாரியம் ஒரு சட்ட நிறுவனத்தைக் கொண்டு விசாரித்தது; வேண்டுமென்றே இனப்பாகுபாடு காட்டியதற்குச் சான்று இல்லை என்று 2023இல் அறிக்கை வந்தது. வேண்டுமென்றே என்ற அந்தச் சொல் நமக்குப் புதிதன்று. சாதியை மனத்தில் வைத்துத்தான் செய்தீர்களா என்று கேட்டால் ஆம் என்று ஒப்புக்கொள்பவர் யார்? நோக்கத்தைத் தேடும் விசாரணை விளைவைப் பார்க்காமலேயே முடிந்துவிடும்.

அதே வேளையில், மோசமான பள்ளியும் நீடிக்க வேண்டும் என்று வாதிடுவது நம் பிள்ளைகளுக்கே செய்யும் துரோகம். நியூ ஆர்லியன்ஸில் பள்ளிகள் மூடப்பட்டதும் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியதும் மாணவர்களை என்ன செய்தன என்று துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். அங்கே அம்மாணவர்களின் கற்றல் முன்னேறியிருந்தது. அதே மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரிலோ அதே நடவடிக்கை தீங்காக முடிந்தது. வேறுபாடு எங்கே? முதல் நகரில் பிள்ளைகள் பெரும்பாலும் மேலான பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாவதில் அப்படி நடக்கவில்லை. மூடுவது மருந்தா நஞ்சா என்பதைத் தீர்மானிப்பது மூடும் ஆணை அன்று, அடுத்த பள்ளியின் வாசல். ஆனால் புதுப்பித்தல் விசாரணையில் எடைபோடப்படுவது மூடவிருக்கும் பள்ளி; பிள்ளை அடுத்துப் போகவிருக்கும் பள்ளியை அதே தராசில் வைப்பது வழக்கமில்லை.

பள்ளி செய்த தவற்றின் விலையைப் பிள்ளை கொடுப்பதற்கும் அதே நகரில் சான்று உண்டு. ஜான் எஃப். கென்னடி உயர்நிலைப் பள்ளியில் 2019 மே மாதம் பட்டமளிப்பு விழா நடந்தது. தொப்பியும் அங்கியும் அணிந்து மேடையேறிய மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பட்டத்துக்குத் தேவையான பாடங்களை முடிக்கவில்லை என்பது அடுத்த மாதம் தெரியவந்தது. மதிப்பெண் திருத்தப்பட்டதாக ஊழியர் ஒருவர் கொடுத்த புகாரிலிருந்து வெடித்த விவகாரம் அது. பள்ளியை நடத்திய நிறுவனம் ஒப்பந்தத்தை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது. ஒப்பந்தக்காரர் விலகலாம். கல்லூரியில் இடம் கிடைத்து, கையில் பட்டமில்லாமல் நின்ற பதினெட்டு வயதுப் பிள்ளை எதை ஒப்படைத்துவிட்டு விலகும்?

கறுப்பின மக்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. சிவில் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 2016 அக்டோபரில் சார்ட்டர் பள்ளிகளின் விரிவாக்கத்தை நிறுத்திவைக்கக் கோரியது. பொதுப்பள்ளிகளுக்குரிய அதே வெளிப்படைத்தன்மையும் பொறுப்பும் அவற்றுக்கும் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. மறுபுறம், 2019 நவம்பரில் அட்லாண்டாவில் செனட்டர் எலிசபெத் வாரனின் கூட்டத்தில் முழக்கமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் கறுப்பினப் பெற்றோர். எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே நல்ல பள்ளியைப் பறிக்காதே என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம். இருவரும் சொல்வது உண்மைதான். பக்கத்துத் தெருப் பொதுப்பள்ளியைப் பாழாக விட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தோம் என்று அரசு சொல்லும் இடத்தில்தான் இவ்விரு உண்மைகளும் மோத நேர்கிறது.

கலிஃபோர்னியா 2019இல் தன் சட்டத்தைத் திருத்திப் பள்ளிகளை மூன்று அடுக்காகப் பிரித்தது. மேலடுக்குக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை புதுப்பித்தல், நடுவடுக்குக்கு ஐந்து. கீழடுக்கில் இருப்பதைப் பொதுவாகப் புதுப்பிக்கக் கூடாது; குறைகளைக் களைய உண்மையான முயற்சியும் கற்றல் முன்னேற்றத்துக்குச் சான்றும் இருந்தால் இரண்டாண்டு அவகாசம் தரலாம். விதி வெளிப்படையாக இருப்பதால், வேண்டியவருக்கு ஒரு நீதி வேண்டாதவருக்கு ஒரு நீதி என்பது ஓரளவு குறையும். அவ்வளவுதான்.

இந்தியாவிலிருந்து வாசிக்கும் நமக்கு இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஒரு பள்ளியின் அங்கீகாரத்தை நீக்கும் ஆணையிலேயே, அங்கு படிக்கும் பிள்ளைகள் எந்த அருகமைப் பள்ளியில் சேர்க்கப்பட வேண்டும் என்று குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது. அடுத்த வாசலைக் காட்டாமல் ஒரு வாசலை மூட முடியாது. பல பத்தாண்டுகள் ஒப்பந்தம் போட்டுப் பழகிய அமெரிக்க மாநிலங்கள் வாசிக்க வேண்டிய வரி இது. ஆனால் 18ஆம் பிரிவு தனியார் பள்ளிகளுக்கானது. தலித் பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கும் அரசுப் பள்ளிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூனில், மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஆணையிட்டபோது, சிறு பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்ற கேள்வியோடு பெற்றோர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அங்கே தேர்வு மதிப்பெண். இங்கே தலை எண்ணிக்கை. இரண்டு கணக்கிலும் பிள்ளை ஓர் எண்தான்.

நியூ ஆர்லியன்ஸில் கணக்கு இப்போது சிறிது மாறியிருக்கிறது. 2023-24 கல்வியாண்டில் லஃபாயெட் அகாடமி என்ற பள்ளியின் ஒப்பந்தம், 'எஃப்' தரத்தைக் காட்டிப் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் செய்தியே இல்லை. இம்முறை கல்வி வாரியம் அந்த இடத்தில் ஒரு பள்ளியைத் தானே நடத்த முடிவு செய்தது. சிவில் உரிமைப் போராளிகளுக்குத் தம் உணவகத்தில் இடமளித்த கறுப்பினச் சமையற்கலைஞர் லியா சேஸின் பெயரில் அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அப்பள்ளிக்கு ஒப்பந்தம் இல்லை. ஆகவே கெடுவும் இல்லை, புதுப்பிக்கும் நாளும் இல்லை. மாநிலத்தின் தர எழுத்து மட்டும் எல்லாப் பள்ளிகளையும்போல ஆண்டுதோறும் அதற்கும் வரும். அந்த எழுத்து 'எஃப்' என்று வந்தால், கைகழுவிவிட ஒப்பந்தக்காரர் எவரும் இல்லாத வாரியம் என்ன செய்யும் என்பதை அந்நகரப் பெற்றோர் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.