எலிக்குக் குணமாயிற்று, எங்களுக்கு எப்போது?

‘எலிகளில் மார்பகப் புற்றுநோய் முற்றிலும் மறைந்தது’ போன்ற செய்தி வரும்போதெல்லாம், அந்த மருந்து வரும்வரை கீமோதெரபியைத் தள்ளிப்போடலாமா என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர். கூடாது என்பதே எங்கள் உறுதியான விடை. ஆயினும் அச்செய்தியை வெறும் எலிக்கதை என்று ஒதுக்குவதும் நியாயமன்று என்றே கருதுகிறோம்.

1984-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஃபிலிப் லெடர் குழுவினர், ‘மிக்’ என்னும் புற்றுநோய் மரபணு பால்சுரப்பியில் மிகுதியாகச் செயல்படும்படி அமைத்து, அதைச் சுண்டெலியின் கருவுற்ற முட்டையில் செலுத்தினர். அவ்வாறு பிறந்த பெண்ணெலிகளுக்குக் கருவுற்ற காலத்தில் மார்பகக் கட்டிகள் தோன்றின. (இவ்வகை எலிக்கு 1988-இல் காப்புரிமையும் வழங்கப்பட்டது. ஓர் உயிருக்குக் காப்புரிமை முறையா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை.) வியப்பு வேறிடத்தில் இருந்தது. எலிக்குப் பால்சுரப்பிகள் பத்து. மரபணுவோ எல்லாவற்றிலும் உண்டு. இருந்தும் எல்லாச் சுரப்பிகளிலும் கட்டி வரவில்லை. பழுதான மரபணு ஒன்று மட்டும் போதாது, வேறு பழுதுகளும் சேர வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. நான் செய்த எந்தத் தவறால் இது வந்தது என்று தம்மையே நொந்துகொள்ளும் பெண்களுக்கு நாங்கள் சொல்லும் விடையின் ஒரு பகுதி அந்த எலிகளிடமிருந்து வந்ததே.

எனினும் எலி பெண்ணன்று. பிஆர்சிஏ1 மரபணுவின் ஒரு படி பழுதாகப் பிறக்கும் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. அதே குறையுடன் பிறக்கும் எலிக்கு இந்நோய் வருவதில்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் அப்பெண்களிடம் அஞ்ச வேண்டாம் என்றல்லவா சொல்லியிருப்போம்! இரண்டு படிகளும் பழுதானால் எலி கருவிலேயே இறந்துவிடும். ஆகவே பால்சுரப்பியில் மட்டும் அம்மரபணுவை நீக்கும் முறையைக் கையாண்டனர். 1999-இல் கட்டிகள் தோன்றின, அதுவும் நெடுங்காலம் கழித்தே. பின்னர் நெதர்லாந்தில் இவ்வகை எலிகளுக்கு ஓலாபரிப் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின. ஆனால் மருந்தை வெளியே தள்ளும் திறன் பெற்று அவை மீண்டும் வளர்ந்ததும் 2008-இல் வெளியான அந்த ஆய்விலேயே உள்ளது. தலைப்புச் செய்திகள் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. மனிதரிடம் தனியே சோதனைகள் நடந்து முடிந்து, 2018-இல்தான் அமெரிக்காவில் பரம்பரை பிஆர்சிஏ பழுதுடன் நோய் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அம்மருந்து ஏற்கப்பட்டது.

இன்னொன்று. இத்தகைய எலிக் கட்டிகளில் பெரும்பாலானவை ஹார்மோனைச் சார்ந்து வளர்பவை அல்ல. எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோரின் கட்டிகள் அவ்வாறு வளர்பவையே. ஆகவே செய்தியைப் படித்ததும், உங்கள் திசுப் பரிசோதனை அறிக்கையில் ஈஆர், பிஆர், ஹெர்2 ஆகியவற்றுக்கு எதிரே எழுதியுள்ளதோடு அது பொருந்துமா என்று எங்களைக் கேளுங்கள். மனிதரிடம் சோதனை தொடங்கியிருந்தால், அதில் சேர உங்களுக்குத் தகுதி உண்டா என்பதையும் பார்த்துச் சொல்வோம்.