வன்னிக் கன்றுக்கு யார் பொறுப்பு?

தார் பாலைவனத்தில் நட்ட வன்னிக் கன்று முதல் சில ஆண்டுகளில் வளர்வதாகவே தெரியாது. தண்டு அப்படியே நிற்கும். வேர் மட்டும் ஈரத்தைத் தேடிக் கீழே போய்க்கொண்டிருக்கும். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடவே தடுமாறும் ஜெய்சல்மேர் பக்கத்தில் பிழைக்க அதுதான் வழி. களச் சோதனையோ எத்தனை கன்று தப்பியது, எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தது என்றுதான் முதலில் கேட்கிறது. திட்ட நிதியும் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். வன்னி தன்னைக் காட்டத் தொடங்கும் நேரத்தில் அளவெடுக்க ஆள் இருக்காது.

பிழைப்பும் வேகமும் மட்டுமே அளவுகோலானால் எது வெல்லும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சீமைக்கருவேலம் 1877-இல் கடப்பைப் பகுதிக்கு வந்தது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940-இல் அதை ராஜமரமாகவே அறிவித்தது. கொண்டுவந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. விறகு வேண்டும், மணல் அடங்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆடுமாடுகள் காயைத் தின்று விதையை எங்கும் பரப்பின. மீதிக் கதையை ராமநாதபுரத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளில் இந்த மரம் யாருடைய நிலத்துக்குள் நுழையும் என்ற கேள்வியைக் கேட்கும் இடத்தில் அன்று ஆடு மேய்ப்பவரோ உழவரோ இல்லை.

ஜோத்பூரில் 1952-இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959-இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்த அமைப்பின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. மணல்மேடுகளை நிறுத்தும் முறைகளையும், குமட்டு மரத்தில் பிசின் கூடுதலாகச் சுரக்கும் உத்தியையும் தந்தது அது. ஆனால் வன்னியின் மதிப்பு உயரத்தில் இல்லை. அதன் நிழலில் கம்பு செழிப்பதை மார்வார் உழவர் தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார். 'லூங்' என்னும் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். 'சாங்ரி' என்னும் இளங்காய் மனிதருக்குக் கறி. இவற்றையும் சோதனைப் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்தால்தான் அது முழுமையான சோதனை.

அந்த வன்னி இன்று பல இடங்களில் பட்டுப்போகிறது. வேரைத் துளைக்கும் வண்டும் பூஞ்சையும் ஒரு பக்கம், இறங்கிக்கொண்டே போகும் நிலத்தடி நீர் இன்னொரு பக்கம். அளவுக்கு மீறிக் கிளை கழிப்பதும் மரத்தை நலியச் செய்கிறது. என்னை அதிகம் உறுத்துவது டிராக்டர். மாட்டு ஏர் விலகிப்போன இடத்தில் டிராக்டர் கலப்பை தானாக முளைத்த கன்றுகளையும் சேர்த்துப் புரட்டிவிடுகிறது. 1730-இல் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களுக்காக 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். வளர்ந்த மரத்துக்குக் கிடைத்த அந்தக் காவல் முளைக்கும் கன்றுக்கும் கிடைக்க வேண்டும். உழும்போது அதைச் சுற்றிக் கைப்பிடி நிலம் விட உழவர் மனம் வைத்தால் போதும், செலவே இல்லை.

மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. செத்த கன்றுக்குப் பதில் வேறு நட்டு விழுக்காட்டைச் சரிக்கட்டாமல், எது, எப்போது, எதனால் செத்தது என்று ஆய்வாளர்கள் வெளியிட வேண்டும். தோற்ற விதை எந்த மாவட்டத்தது என்பதும் அடுத்தவருக்குப் பாடம். பாலைவனத்தில் நிலையம் அமைக்கும் சூரிய மின் நிறுவனங்கள் வன்னி மரத்தை வெட்டிய பிறகு நிவாரணக் கன்று நடுவதைவிட, மரம் நிற்கும் இடத்தை விட்டுத் தகடு பதிப்பதே முறை. சுத்தமான மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். அதற்கு வன்னி தடையல்ல. ஓரண் எனப்படும் கோயில் காடுகளை அளந்து வனமாக அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அந்தப் பணி தாமதமின்றி நடக்க வேண்டும். பழைய தாய்மரங்களின் விதை பல ஊர்களில் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சமும் இதே வன்னிதான். நம் வறண்ட நிலங்களில் இதை நட்டுப் பார்க்க விரும்புவோரும் இதே ஒழுங்கோடு தொடங்கலாம். சோதனைத் திடலின் பதிவேட்டின் ஒரு படி ஊராட்சியில் இருக்கட்டும். அதிகாரி மாற்றலானாலும் கணக்கு ஊரிலேயே நிற்கும். வேலியைக் காக்கும் மேய்ப்பருக்குக் கூலி வேண்டும். வறண்ட ஆண்டுகளில் ஆட்டுக்கு மாற்றுத் தீவனமும் வேண்டும். இந்தச் செலவுகளுக்குக் குறைந்தது 15 ஆண்டுக்கான பணத்தை, முதல் குழி தோண்டும் முன்பே அரசு ஒதுக்க வேண்டும்.