ஆட்டம் முடிந்தபின் யார் பாட வேண்டும்?



அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம். நம்ம கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே பெரிய லீக் அணி ஒவ்வொன்றும் சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் 81 சொந்த ஊரில். இத்தனை நாளும் கேலரி நிறையுமா? அதனால்தான் சில நாட்களில் ஆட்டம் முடிந்ததும் அதே டிக்கெட்டில் பாட்டுக் கச்சேரியும் வைக்கிறார்கள். சேலை வாங்கினால் பிளவுஸ் பிட் இலவசம் மாதிரி!

"நல்ல பாடகராப் பார்த்துக் கூப்பிட்டாப் போச்சு, இதில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலாவது, அது பாட்டுக்கென்று வந்த கூட்டம் இல்லை. தாத்தா, அப்பா, பேரன் எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். 1980களில் பல அணிகள் பீச் பாய்ஸ் குழுவை அழைத்தன. அது 1961-இல் தொடங்கிய குழு. "பழசு" என்று நாம் கிண்டல் பண்ணலாம். ஆனால் அப்பா வாலிபத்தில் கேட்ட பாட்டுக்கு மகனும் சேர்ந்து கை தட்டினான் அல்லவா?

இரண்டாவது, நேரம். 9 இன்னிங்ஸ் ஆட்டம் 2022-இல் சராசரி 3 மணி 4 நிமிடம் ஓடியது. பந்து எறிய நேரக்கெடு வைத்த பிறகு 2023-இல் 2 மணி 40 நிமிடம் ஆனது. சமநிலை என்றால் இன்னும் நீளும். அதன் பிறகுதான் மேடையே போட வேண்டும். பிள்ளை தோளில் தூங்கிவிட்ட நேரத்தில் தெரியாத பாட்டாகப் பாடினால் யார் உட்காருவாங்க?

மூன்றாவது நம்ம எலக்ட்ரானிக்ஸ் சப்ஜெக்ட்! 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே பேஸ்பால் ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது சுமார் 55,600 பேர். போட்ட கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. இன்று ஸ்பீக்கர்கள் முன்னேறிவிட்டன. ஆனால் ஒலியின் வேகம் அதே நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். 120 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மூன்றில் ஒரு நொடி தாமதம், அதோடு எதிரொலி. கடகடவென்று வார்த்தை கொட்டும் பாட்டு அங்கே கொழகொழன்னு ஆகிவிடும். எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவிதான் எடுபடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மரியாதை. 1979 ஜூலை 12, சிகாகோ கோமிஸ்கி பார்க். ஒயிட் சாக்ஸும் டெட்ராய்ட் டைகர்ஸும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆட வேண்டிய நாள். டிஸ்கோ ரெக்கார்டு ஒன்று கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட். முதல் ஆட்டம் முடிந்ததும் ரேடியோ அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் அந்த ரெக்கார்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் குதித்தார்கள். தரை நாசம்! இரண்டாவது ஆட்டம் நடக்காமலே ஒயிட் சாக்ஸ் தோற்றதாக முடிவானது.

டிஸ்கோ கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் கூடிய கிளப்களில் வளர்ந்த இசை. தமாஷுக்குத்தான் செய்தோம் என்றார் டால். ஆனால் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் ரெக்கார்டுகளும் அன்று வந்து குவிந்ததாக, அங்கே இடம் காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் பின்னாளில் சொன்னார். அதே வின்ஸ் லாரன்ஸ்தான் பிறகு ஹவுஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். அன்று அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

எங்க குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். திருவிழாக் கச்சேரியைக் கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பழகினவங்க எங்க வீட்டு ஆளுங்க. அதனால்தான் சொல்கிறேன்: எல்லோருக்கும் தெரிந்த குழு ஒன்று பாடட்டும். அதற்கு முன் அரைமணி நேரம், மேடையே கிடைக்காத அந்த ஊர்ப் பையன்களும் பெண்களும் பாடட்டும். ஒருவரின் இசையை மட்டம் தட்டி இன்னொருவரைச் சிரிக்க வைக்க வேண்டாம். அவரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறார்!

நம்ம விழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா பேசும்போதும் இதைக் கொஞ்சம் சிந்திப்போமா, நண்பர்களே?

— இரண்டாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ்